ஒரே தீநிரல், வெவ்வேறு சேதம்: 2017 ஜூன் 27 பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டு நிறுவனங்களில் எதற்கு இணையத் தாக்குதல் அபாயம் அதிகம் என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே இன்று ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. இணையத்தில் தெரியும் சர்வர்களை வெளியிலிருந்தே துழாவி மதிப்பெண் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான கேள்விகளோடு படிவம் அனுப்பி "ஆம்", "இல்லை" என்று நிரப்பி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தணிக்கைச் சான்றிதழ்கள் தனி. நல்ல மதிப்பெண் வாங்கியவரோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. குறைந்தவரிடம் விளக்கம் கேட்கப்படுகிறது. இந்த ஒப்பீடு எதை அளக்கிறது, எதைத் தவறவிடுகிறது என்பதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை. நிறுவனங்கள் வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆட்களால், வெவ்வேறு வழிகளில் தாக்கப்படுவதால் ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவதில்லை.

2017 ஜூன் 27 அதற்கு விதிவிலக்கு. நாட்பெட்யா என்று பின்னர் பெயர் பெற்ற ஒரே தீநிரல் (கணினிகளைக் கெடுக்க எழுதப்பட்ட நிரல்), அன்று சில மணி நேரத்துக்குள் கப்பல் நிறுவனம், மருந்து நிறுவனம், பார்சல் நிறுவனம், பிஸ்கட் நிறுவனம், எண்ணெய் நிறுவனம், மருத்துவமனை என்று எல்லா இடத்திலும் புகுந்தது. அமெரிக்க வெள்ளை மாளிகையின் கணிப்பில் மொத்தச் சேதம் சுமார் 1,000 கோடி டாலர். தாக்கியவரும் ஆயுதமும் நாளும் ஒன்றாக இருக்க, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நேர்ந்தது மட்டும் வேறாக இருந்தது. அந்த வேறுபாட்டுக்கான காரணங்களைத்தான் இங்கே தேடுகிறேன்.

நுழைந்த வழி

உக்ரைனில் தொழில் செய்கிற எவரும் அந்நாட்டு அரசுக்கு வரிக் கணக்கு கொடுத்தாக வேண்டும். அதற்கு அங்கே மிகப் பரவலாகப் பயன்பட்டது எம்.இ.டாக் என்ற கணக்கு மென்பொருள். கீவ் நகரில் ஒரு சிறிய குடும்ப நிறுவனம் அதைத் தயாரித்தது. அந்த நிறுவனத்தின் அப்டேட் சர்வரை ரஷ்ய ராணுவ உளவுத்துறையினர் கைப்பற்றிக்கொண்டார்கள். 2018 பிப்ரவரியில் அமெரிக்காவும் பிரிட்டனும் இந்தத் தாக்குதலுக்கு ரஷ்ய ராணுவமே காரணம் என்று வெளிப்படையாக அறிவித்தன. 2020 அக்டோபரில் அந்த உளவுத்துறையின் 74455ஆம் பிரிவைச் சேர்ந்த ஆறு அதிகாரிகள் மீது அமெரிக்கா குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. உக்ரைனின் அரசியலமைப்பு நாளுக்கு முந்தைய தினத்தில், வழக்கமான அப்டேட் என்ற தோற்றத்தில் தீநிரல் இறங்கியது.

உள்ளே வந்தபின் பரவுவதற்கு அதனிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையிடமிருந்து கசிந்த எடர்னல்ப்ளூ என்ற ஊடுருவல் கருவி; விண்டோஸின் ஓர் ஓட்டை வழியே நுழைவது. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. மே மாதம் அதே ஓட்டை வழியே பரவிய வானாக்ரை என்ற தீநிரல் உலகை உலுக்கிய பிறகும் பலர் அதைப் போட்டிருக்கவில்லை. மற்றொன்று, கணினியின் நினைவகத்தில் தங்கியிருக்கும் பாஸ்வேர்டுகளை உருவியெடுத்து, விண்டோஸ் நிர்வாகிகள் அன்றாடம் பயன்படுத்தும் கருவிகளைக் கொண்டே அடுத்த கணினிக்குத் தாவுவது. ஒப்பீட்டுக்கு இந்த இரண்டாவது வழிதான் முக்கியம். பேட்ச் போடாத ஒரே ஒரு கணினியில் அட்மின் பாஸ்வேர்டு கிடைத்துவிட்டால் போதும், ஒழுங்காகப் பேட்ச் போட்ட ஆயிரம் கணினிகளும் சேர்ந்து விழும். "பேட்ச் போடுகிறீர்களா?" என்ற கேள்விக்கு நேர்மையாக "ஆம்" என்று எழுதிய நிறுவனத்துக்கும் அன்று பாதுகாப்பு இருக்கவில்லை.

திரையில் 300 டாலர் பிட்காயின் கேட்டு அறிவிப்பு வந்தது. பணம் கட்டியவருக்கும் கோப்புகள் திரும்பவில்லை, திருப்பித் தரும் வழியே அந்த நிரலில் இல்லை. அது அழிப்பதற்காகவே எழுதப்பட்டது.

மேர்ஸ்க்: ஒடேசாவில் ஒரு கணினி

கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட மேர்ஸ்க், உலகக் கப்பல் சரக்குத் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கையில் வைத்திருந்த நிறுவனம். உக்ரைனின் ஒடேசாவில் இருந்த அதன் நிதி அதிகாரி ஒருவர், எம்.இ.டாக் மென்பொருளை ஒரு கணினியில் நிறுவித் தரும்படி கேட்டிருந்தார். வரி கட்ட வேண்டும் என்ற நியாயமான காரணம்தான். அந்த ஒரு கணினி போதுமானதாக இருந்தது.

தலைமையகத்தில் திரைகள் வரிசையாகக் கறுத்தபோது ஊழியர்கள் தளம் தளமாக ஓடிக் கணினிகளின் இணைப்பைப் பிடுங்கினார்கள். உலகம் முழுவதும் பரவிய நெட்வொர்க்கை முற்றிலும் துண்டிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கப்பல்களின் கணினிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எந்தக் கப்பலில் எந்தக் கன்டெய்னர், அதற்குள் என்ன, அது யாருக்கு என்ற விவரங்களை வாங்கும் துறைமுக முனையங்களின் சர்வர்கள் அழிந்துபோயின. நியூஜெர்சியின் எலிசபெத் துறைமுக வாசலில் லாரிகள் மைல்கணக்கில் நின்றன. மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் மேர்ஸ்க் குழுமம் நடத்திய முனையமும் முடங்கியது.

மீட்புப் பணி இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் நகரில் தொடங்கியது. தனித்தனி சர்வர்களுக்கு மூன்று முதல் ஏழு நாள் பழைய பேக்கப்கள் கிடைத்தன. கிடைக்காமல் போனது வேறொன்று. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம், யாருக்கு என்ன உரிமை என்ற அடிப்படை விவரங்களை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் மேர்ஸ்க்கிடம் ஏறத்தாழ 150 இருந்தன. ஒன்று கெட்டால் மற்றது அதன் நகலாக இருக்கும் என்பது ஏற்பாடு. 150-ம் ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் நினைக்கவில்லை. அவை இல்லாமல் மற்ற பேக்கப்களை வைத்துக்கொண்டு எதையும் எழுப்ப முடியாது.

பல நாடுகளின் அலுவலகங்களுக்குத் தொலைபேசியில் அழைத்துத் தேடியபின், கானாவில் ஒன்று தப்பியிருந்தது தெரிந்தது. தாக்குதலுக்குச் சற்று முன் அங்கே மின்தடை ஏற்பட்டதால் அந்த சர்வர் நெட்வொர்க்கிலிருந்து விலகியிருந்தது. அதிலிருந்த சில நூறு ஜிகாபைட் தரவை இணையத்தில் அனுப்பலாம் என்று பார்த்தால், அங்கிருந்த வேகத்துக்குப் பல நாள் ஆகும். ஆளிடம் கொடுத்து அனுப்பலாம் என்றால், கானா ஊழியர் எவரிடமும் பிரிட்டன் விசா இல்லை. கடைசியில் ஒருவர் வன்தட்டோடு நைஜீரியா பறந்து, அங்கே விமான நிலையத்தில் இன்னொரு ஊழியரிடம் கொடுக்க, அவர் அதை லண்டன் கொண்டுவந்து சேர்த்தார். உலக வணிகத்தின் பெரும் பகுதியைச் சுமக்கும் ஒரு நிறுவனத்தின் மீட்சி, யாரும் திட்டமிடாத ஒரு மின்தடையைச் சார்ந்திருந்தது. எந்த மதிப்பெண் பட்டியலிலும் அந்த மின்தடைக்கு இடமில்லை.

பத்து நாளில் 4,000 சர்வர்கள், 45,000 கணினிகள், 2,500 செயலிகள் மறுபடி நிறுவப்பட்டன என்று நிறுவனத் தலைவர் யிம் ஹாகமன் ஸ்னாபே 2018 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் சொன்னார். அந்த நாட்களில் சரக்கு அளவு சுமார் 20 சதவீதம்தான் குறைந்தது. மற்றதையெல்லாம் ஊழியர்கள் கைக்கணக்கு, வாட்ஸ்அப், சொந்த மின்னஞ்சல் என்று கிடைத்ததை வைத்து நடத்தினார்கள். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர்.

இணையப் பாதுகாப்பில் மேர்ஸ்க் பலரையும்போல ஒரு சராசரி நிறுவனமாகவே இருந்தது என்றும் ஸ்னாபே அதே மேடையில் ஒப்புக்கொண்டார். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் வாக்குமூலம் அதுதான். ஒப்பீட்டு அறிக்கைகள் பெரும்பாலும் இதே அளவுகோலில்தான் பேசுகின்றன: துறையின் சராசரிக்கு மேலே, கீழே, சமமாக. சராசரி என்று வந்தால் இயக்குநர் குழு நிம்மதியாகிவிடுகிறது. ஆனால் சராசரி என்பது மற்றவர்களோடு நம் உறவைச் சொல்கிறதே தவிர, ஒரு கணினி விழுந்தால் எத்தனை விழும் என்பதைச் சொல்வதில்லை.

மேர்ஸ்க்குள்ளேயே இது தெரிந்தவர்கள் இருந்தார்கள். 2016இல் நெட்வொர்க்கைப் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும், பழைய விண்டோஸை மாற்ற வேண்டும் என்று ஒரு குழு வலியுறுத்தி, அதற்கு ஒப்புதலும் நிதியும் கிடைத்தன. ஆனால் மூத்த தகவல்தொழில்நுட்ப அதிகாரிகளின் போனஸைத் தீர்மானிக்கும் இலக்குகளில் அந்தப் பணி சேர்க்கப்படவில்லை. வேலை நகரவில்லை. இரு நிறுவனங்களை ஒப்பிட வேண்டியிருந்தால், பாதுகாப்புக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள் என்பதைவிட, அந்த வேலை முடியாவிட்டால் யாருடைய சம்பளம் குறையும் என்பதையே நான் முதலில் கேட்பேன்.

ஃபெடெக்ஸும் டிஎன்டியும்

2016 மே மாதம் அமெரிக்காவின் ஃபெடெக்ஸ், நெதர்லாந்தின் டிஎன்டி எக்ஸ்பிரஸை 440 கோடி யூரோவுக்கு வாங்கியது. ஓராண்டுக்குப் பின் டிஎன்டியின் உக்ரைன் செயல்பாடுகள் வழியாக நாட்பெட்யா வந்தது, அங்கேயும் எம்.இ.டாக்தான். டிஎன்டி நிலைகுலைந்தது. சில கணினி அமைப்புகளையும் முக்கியத் தரவுகளையும் முழுமையாக மீட்க முடியாமலே போகலாம் என்று ஃபெடெக்ஸ் தன் ஆண்டறிக்கையில் முதலீட்டாளர்களுக்கு எழுத வேண்டியிருந்தது. நஷ்டம் சுமார் 40 கோடி டாலர். இந்தத் தாக்குதலை ஈடுசெய்யும் காப்பீடு எதுவும் இல்லை என்பதும் அதே அறிக்கையில் இருந்தது.

ஃபெடெக்ஸின் சொந்த நெட்வொர்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நெட்வொர்க்குகளும் இன்னும் முழுதாக இணைக்கப்படாமல் இருந்தன. நிறுவனத்தை வாங்கியவர்கள் பொதுவாக இணைப்பு தாமதமாவதை ஒரு குறையாகவே பார்ப்பார்கள். அன்று அந்தப் பிரிவினைதான் ஃபெடெக்ஸுக்கு வேலியாக நின்றது. ஒரே உரிமையாளர், ஒரே ஆண்டறிக்கை, ஆனால் அபாயம் இரண்டு. "நிறுவனம்" என்ற பெயரை அலகாக எடுத்துக்கொண்டு மதிப்பெண் போடும்போது இந்த எல்லைக்கோடு கண்ணில் படாமல் போகிறது. தீநிரலுக்கு சட்டப்படி யார் எவருக்குச் சொந்தம் என்பது தெரியாது. எந்தக் கணினி எந்தக் கணினியை நம்புகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

மெர்க்: 90 வினாடி

அமெரிக்க மருந்து நிறுவனமான மெர்க்கின் வழக்கு ஆவணங்களில் ஒரு விவரம் இருக்கிறது. முதல் கணினி பாதிக்கப்பட்ட 90 வினாடிக்குள் சுமார் 10,000 கணினிகள், ஐந்து நிமிடத்துக்குள் 20,000, முடிவில் 40,000. இதை மேர்ஸ்க் நெட்வொர்க்கைத் துண்டிக்க ஆன இரண்டு மணி நேரத்தோடு சேர்த்துப் பாருங்கள். எவ்வளவு திறமையான கண்காணிப்புக் குழு இருந்தாலும், 90 வினாடியில் ஒருவர் எச்சரிக்கையைப் படித்து, மேலதிகாரியை எழுப்பி, அனுமதி வாங்கிவிட முடியாது. இந்த வகைத் தாக்குதலில் மனிதர்கள் எவ்வளவு வேகமாகச் செயல்படுவார்கள் என்பதை வைத்து நிறுவனங்களைத் தரம் பிரிப்பதில் பொருளில்லை. சுவர்கள் முன்னமே எழுப்பப்பட்டிருந்தனவா என்பதே கேள்வி.

மெர்க்கின் மருந்து உற்பத்தியும் தடைப்பட்டது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் கார்டசில் தடுப்பூசிக்குத் தட்டுப்பாடு வந்து, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கையிருப்பிலிருந்து கடனாக வாங்க வேண்டியதாயிற்று. அந்தக் காலாண்டில் மட்டும் இதனால் சுமார் 24 கோடி டாலர் விற்பனை குறைந்ததாக நிறுவனம் கணக்குக் காட்டியது. அரசின் கையிருப்பு என்று ஒன்று இருந்ததால் தடுப்பூசி தேவைப்பட்டவர்களுக்குக் கிடைத்தது. மெர்க்கின் அபாயத்தின் ஒரு பகுதியை வேறொருவர் முன்கூட்டியே சுமந்திருந்தார் என்பதுதான் இதன் பொருள்.

யாருடைய நஷ்டம்?

டாலர் எண்ணிக்கையில் மெர்க் முன்னால் நிற்கிறது. காப்பீட்டாளர்களிடம் அது கோரிய தொகை 140 கோடி டாலர். நிறுவனத்தின் அளவோடு ஒப்பிட்டால் வரிசை மாறுகிறது. விற்கப்படுவதற்கு முந்தைய ஆண்டில் டிஎன்டியின் வருமானமே சுமார் 690 கோடி யூரோதான். அதில் 40 கோடி டாலர் என்பது ஆழமான வெட்டு. மேர்ஸ்க்கின் இழப்பு அதன் ஆண்டு வருமானத்தில் ஒரு சதவீதத்தை ஒட்டியே வரும்.

பென்சில்வேனியாவின் ஹெரிடேஜ் வேலி மருத்துவமனைக் குழுமத்தைச் சேர்த்தால் வரிசை மறுபடியும் மாறும். இதய சிகிச்சை, கதிரியக்கவியல், அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கான கணினி அமைப்புகள் அங்கே சுமார் ஒரு வாரம் இயங்கவில்லை என்று அமெரிக்கக் குற்றப்பத்திரிகை சொல்கிறது. பணக் கணக்கில் அது பட்டியலின் அடியில்தான் வரும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் காத்திருந்த நோயாளியிடம் அந்தப் பட்டியலைக் காட்ட எனக்கு மனம் வராது. இந்த மருத்துவமனைக்குத் தீநிரல் அதன் சேவை நிறுவனமான நுவான்ஸின் இணைப்பு வழியாக வந்தது என்பது ஹெரிடேஜ் வேலி பின்னர் தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டு. உக்ரைனில் கடை விரிக்காத ஒரு மருத்துவமனைக்கு, உக்ரைன் வரி மென்பொருளால் வந்த கேடு இது. வழக்கு தள்ளுபடியானது.

ரஷ்யாவின் எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்டும் பாதிக்கப்பட்டது. மாற்றுக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு மாறியதால் உற்பத்தி நிற்கவில்லை என்று அது அறிவித்தது. செர்னோபிலில் கதிர்வீச்சைத் தானாக அளக்கும் கணினிகள் நின்றதும் ஊழியர்கள் கைக்கருவிகளோடு அளக்கப் போனார்கள். கணினி இல்லாமல் வேலை செய்யத் தெரிந்த ஆட்களும், அதற்கான கருவியும், ஓரளவு பழக்கமும் எங்கெல்லாம் மிச்சமிருந்தனவோ அங்கெல்லாம் விபத்து பேரழிவாகவில்லை. மேர்ஸ்க்கில் எண்பது சதவீதச் சரக்கு நகர்ந்ததற்கும் அதுதான் காரணம். படிவங்களில் இதைப் பற்றிக் கேள்வி வைப்பவர்கள் மிகக் குறைவு, கேட்பவர்களும் "மாற்றுத் திட்டம் ஆவணமாக உள்ளதா?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆவணம் சர்வரில் இருந்தால் அதுவும் சேர்ந்து அழியும்.

மதிப்பெண்கள் அன்று எங்கே இருந்தன

வெளியிலிருந்து மதிப்பெண் போடும் முறையை நான் ஒதுக்கவில்லை. நியாயமாகவும் துல்லியமாகவும் மதிப்பிடுவதற்கான கொள்கைகளை அமெரிக்க வணிகச் சபை வெளியிட்டதும் அதே 2017 ஜூன் மாதத்தில்தான். அதற்கு முன் ஆளுக்கொரு அளவுகோல் இருந்தது. திறந்து கிடக்கும் போர்ட் (கணினிக்குள் நுழையும் இணைய வாசல்), காலாவதியான சான்றிதழ், கசிந்த பாஸ்வேர்டு இவையெல்லாம் வெளியே நின்று பார்த்தாலே தெரியும். ஒடேசா கணினி தெரியாது. 150 டொமைன் கன்ட்ரோலருக்கும் தனிப் பேக்கப் இல்லை என்பது தெரியாது.

உள்ளே போய்ப் பார்த்தாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. நாட்பெட்யாவுக்கு ஆறு வாரம் முன் வானாக்ரை பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையைத் தாக்கியபோது, அங்கு மருத்துவச் சேவை நடத்தும் 236 அறக்கட்டளை அமைப்புகளில் 88 ஏற்கெனவே நேரில் மதிப்பீடு செய்யப்பட்டிருந்தன. அந்த 88இல் ஒன்றுகூடத் தேறியிருக்கவில்லை என்று பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் பின்னர் தெரிவித்தது. எல்லோரும் தோற்ற தேர்வை வைத்து யாரை யாரோடு ஒப்பிடுவது? இங்கிலாந்தில் பாதிக்கப்பட்டவை குறைந்தது 81, மீதி தப்பின. தேர்வில் எல்லோருக்கும் ஒரே முடிவு, களத்தில் இரண்டு விதமான முடிவு. மதிப்பிட்டவர்களுக்குக் குறையைச் சரிசெய்யும்படி கட்டாயப்படுத்தும் அதிகாரமும் இருக்கவில்லை.

ஆகவே இரு நிறுவனங்களை என் முன் வைத்தால், நான் ஒப்பிட விரும்புவது இவற்றையே: அதிகம் மதிக்கப்படாத ஒரு கிளையின் கணக்கர் கணினியில் தொடங்கினால் தீ எத்தனை கணினி தாண்டும்? அடையாள விவரங்களை வைத்திருக்கும் சர்வர் முழுவதும் அழிந்துபோனதாகக் கொண்டு, வெறுங்கையோடு தொடங்கி மீண்டும் எழுப்பிப் பார்த்திருக்கிறார்களா, அதற்கு எத்தனை நாள் ஆனது? அந்த நாட்களில் நிறுவனத்தை நம்பியிருப்பவர்கள் வேறு எங்கே போவார்கள்? மூன்றுக்கும் விடை நாட்களாகவும் எண்ணிக்கையாகவும் வர வேண்டும். "ஆம்" என்று வந்தால் அது விடையல்ல.

காப்பீடு என்ற கடைசிக் கட்டம்

பணம் யாரிடமிருந்து வந்தது என்பதிலும் நிறுவனங்கள் பிரிந்தன. ஃபெடெக்ஸிடம் இதற்கான காப்பீடே இல்லை. பிஸ்கட், சாக்லேட் தயாரிக்கும் மாண்டலீஸ் 1,700 சர்வர்களையும் 24,000 மடிக்கணினிகளையும் இழந்து 10 கோடி டாலருக்கு மேல் கோரியபோது, சூரிக் காப்பீட்டு நிறுவனம் பாலிசியில் இருந்த போர் விலக்கைக் (போரால் வரும் இழப்புக்குப் பணம் இல்லை என்ற வாசகத்தை) காட்டி மறுத்தது. வழக்கு 2022 இறுதியில் சமரசமாக முடிந்தது. மெர்க்கின் காப்பீட்டாளர்களில் பலரும் அதே வாதத்தை வைத்தார்கள். போர் விலக்கு என்பது ஆயுதப் போரைக் குறிக்கும், கணக்கு மென்பொருள் வழியே வந்த தீநிரலுக்கு அது பொருந்தாது என்று நியூஜெர்சி நீதிமன்றம் மெர்க்குக்குச் சாதகமாகச் சொன்னது; 2023 மே மாதம் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. அந்தக் கட்டத்தில் எஞ்சியிருந்த சுமார் 70 கோடி டாலர் வழக்கு 2024 ஜனவரியில் சமரசத்தில் முடிந்தது.

இந்தத் தீர்ப்புகளை வைத்து இன்றைய நிறுவனங்களுக்குக் கணக்குப் போடக் கூடாது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே லண்டனின் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தை விழித்துக்கொண்டது. அரசுகளின் ஆதரவோடு நடக்கும் இணையத் தாக்குதல்களைத் தனி இணையக் காப்பீட்டு பாலிசிகளில் தெளிவாக விலக்கி எழுத வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தது. 2023 மார்ச் 31 முதல் தொடங்கும் அல்லது புதுப்பிக்கப்படும் பாலிசிகளுக்கு அது நடைமுறைக்கு வந்தது. மெர்க் வென்றது பழைய வாசகத்தின் பலத்தில். ஒப்பீட்டு அறிக்கையில் "காப்பீடு: உண்டு" என்ற கட்டத்தைப் பார்க்கிறவர்கள், அந்த பாலிசியின் விலக்குப் பகுதியைக் கேட்டு வாங்கி, நாட்பெட்யா போன்ற ஒன்று நாளை வந்தால் அதன்படி என்ன கிடைக்கும் என்று வரி வரியாகப் படித்துப் பார்க்க வேண்டும்.